மூன்று இரவும் ஐந்து நட்சத்திர ஹோட்டலா?

கேள்வி: திருமணமாகிப் பத்து வருடம் ஆகிறது, மூன்று இரவு வெளியூரில் தங்கப் போகிறோம். நான் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலைப் பார்த்து வைத்திருக்கிறேன். மனைவியோ, "தூங்கத்தானே போகிறோம், அதற்கு மூன்று மடங்கு வாடகையா?" என்கிறார். சேர்த்து வைத்த பணம் சாதாரண ஹோட்டலுக்குத் தாராளமாகப் போதும். பெரிய ஹோட்டல் என்றால் மீதியைக் கிரெடிட் கார்டில் போட்டு ஆறு மாதத் தவணையில் கட்ட வேண்டும். போகலாமா?

பதில்: தவணையில் வேண்டாம். பயணம் முடிந்த பிறகும் மாதாமாதம் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தால், போய் வந்த சந்தோஷம் இரண்டாவது தவணையிலேயே போய்விடும்.

சரி, ஹோட்டலுக்கு வருவோம். விழித்திருக்கும் நேரத்தில் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கப் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் கிளம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டு ராத்திரி வந்து விழுகிறவர்களுக்கு நீச்சல் குளம் எதற்கு, ஸ்பா எதற்கு? சத்தமில்லாத அறையும் நல்ல மெத்தையும் நடுத்தர ஹோட்டலிலும் கிடைக்கும், தேடத்தான் வேண்டும்.

அடுத்து, இணையத்தில் பார்த்த வாடகையை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சில ஹோட்டல்களில் வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். சேவைக் கட்டணம் தனி, வரி தனி என்று அதற்கு அர்த்தம். வாடகை 100, சேவைக் கட்டணம் 10 சதவீதம், வரியும் 10 சதவீதம் என்று வையுங்கள். சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு வரி போட்டால் 120 இல்லை, 121 ஆகும். நீங்கள் சொல்லும் மூன்று மடங்கு இதெல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா?

உள்ளே போன பிறகு ஆகிற செலவு தனிக் கதை. மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில் இருக்கும், ஒன்று இலவசம், கழுத்தில் சின்ன அட்டை தொங்குகிற இன்னொன்றுக்குக் காசு. அறைக்குள் விலைக்குப் பானங்கள் அடுக்கி வைத்திருக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்கு மினிபார் என்று பெயர். சில மினிபாரில் சென்சார் இருக்கிறது, பாட்டிலை நகர்த்தினாலே பில்லில் ஏறிவிடும். ஒருமுறை மருந்தை வைக்க இடம் வேண்டும் என்று நான் இரண்டு பாட்டிலை வெளியே எடுத்து வைத்தேன். கிளம்பும்போது, குடிக்காத அந்த இரண்டையும் பில்லிலிருந்து எடுக்க வைக்க அரை மணி நேரம் நின்றேன். முன்பணம் என்று கார்டில் ஒரு தொகையையும் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டு கொடுத்தால் கணக்கில் இருக்கிற பணமே முடங்கும், அறையைக் காலி செய்த பிறகும் அது திரும்பி வரச் சில நாள் ஆகலாம். அதற்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

இப்படிச் சொல்வதால் பெரிய ஹோட்டலே தண்டம் என்று நினைக்காதீர்கள். நடு ராத்திரியில் ஏசி நின்றால் வேறு அறைக்கு மாற்றித் தர அங்கே ஆள் இருப்பார்கள். மதியம் அறையைக் காலி செய்துவிட்டு, ராத்திரிப் பயணம் வரை பெட்டிகளை அங்கேயே விட்டுப் போகலாம். வாடகையோடு காலை உணவும் சேர்ந்திருந்தால் அன்றைய மதியச் சாப்பாடு பாதி மிச்சம். அப்புறம், நம்மை யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்கிற நினைப்பு இருக்கிறதே, பத்து வருடத்துக்கு ஒருமுறை அதற்குக் காசு கொடுத்தால் தப்பே இல்லை.

அதனால் இரண்டு இரவு சாதாரண ஹோட்டல், ஒரு இரவு பெரிய ஹோட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வாடகை 1 என்றால் மூன்று இரவும் பெரிய ஹோட்டலில் 9, இப்படிப் பிரித்தால் 5. பெரிய ஹோட்டலைக் கடைசி இரவுக்கு வையுங்கள், முதலில் போய்விட்டால் அடுத்த அறை எதுவும் பிடிக்காது. அன்றைக்கு வேறு திட்டம் எதுவும் வேண்டாம், அறை தருகிற நேரத்துக்கே போய், மறுநாள் காலி செய்யச் சொல்கிற நேரம் வரை இருங்கள். வியாபாரப் பயணிகள் அதிகம் வருகிற ஹோட்டல்களில் வார இறுதியில் வாடகை இறங்குவது உண்டு, சுற்றுலா விடுதிகளில் நேர்மாறாக இருக்கும், தேதியை அதற்கேற்பப் பாருங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்கிற மலிவு வாடகையை, பயணம் உறுதியானால் மட்டும் எடுங்கள். ஒரே ஒரு இரவுக்காக பாயின்ட் திட்டம், உறுப்பினர் அட்டை என்று காசு கட்டிச் சேராதீர்கள்.

பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்கே நேராக ஒரு போன் போட்டு, திருமண நாள் என்று சொல்லி, இணையத்தில் பார்த்த விலைக்கே காலை உணவும் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் போனை மனைவியிடம் கொடுங்கள், அவர் நன்றாகவே பேரம் பேசுவார் என்று தோன்றுகிறது.