வீட்டு ஸ்பீக்கரில் வீணையும் மிருதங்கமும் நேரில் கேட்பதுபோல் ஒலிக்க என்ன செய்யலாம்? நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் போதுமா?

ஆம்ப்ளிஃபயரைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அப்படியே நேரில் கேட்பதுபோல் ஆக்க முடியாது என்றாலும், இப்போது வீட்டில் இருப்பதை வைத்தே நிறைய தூரம் போகலாம்.

முதலில் ஒரு கேள்வி. 'நேரில்' என்று எதைச் சொல்கிறீர்கள்? சபாவில் கேட்டதையா? அங்கே கேட்டதும் பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒலிதான். வீணையில் பிக்கப் (வாத்தியத்திலேயே பொருத்தும் சின்ன மைக்) இருக்கும், மிருதங்கத்துக்கு மிக அருகில் மைக் இருக்கும், எல்லாம் மிக்ஸர் வழியாகத்தான் நம் காதுக்கு வரும். மைக் இல்லாமல் ஓர் அறையில் யாராவது வீணை வாசிக்க, எதிரே உட்கார்ந்து ஒருமுறையாவது கேளுங்கள். அது எவ்வளவு சன்னமான வாத்தியம் என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அதனால்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வால்யூமைச் சொல்வேன். என் அனுபவத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பொருத்தமான வால்யூம் ஒன்றுதான். அதைத் தாண்டினால் வீணை சுவருக்குச் சுவர் விரிந்து, மீட்டு ஒலி எலெக்ட்ரிக் கிடார் மாதிரி ஆகிவிடும். ரொம்பக் குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) காணாமல் போகும், வலந்தலையில் (மறுபக்கம்) விழும் சொற்கள், அதாவது தட்டுகள், மட்டும் டக் டக்கென்று கேட்கும். இதில் ஸ்பீக்கர்மேல் குற்றமில்லை, நம் காதின் சுபாவமே அதுதான். ஒலியின் அளவு குறையக் குறைய, கீழ்ஸ்தாயி ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக நம் காதிலிருந்து மறைகின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இதை ஈடுகட்டத்தான். கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் வாத்தியம் அதன் நிஜமான பருமனுக்கு வந்து உட்காரும். அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது அறை. நம் ஊர் வீடுகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுமையானவை. டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர் என்று ஒலியை உறிஞ்ச எதுவுமே இருக்காது. கையைத் தட்டிப் பாருங்கள், 'ஜிங்' என்று வால் நீண்டால் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அதே வால் இருக்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள். பக்கச் சுவரோரம் புத்தகம் நிறைந்த அலமாரியோ, சாத்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தையோ இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய திரைச்சீலை உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மழுக்குமே தவிர வேறெதுவும் செய்யாது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிற யோசனையை மறந்துவிடுங்கள்.

10க்கு 10 அறை என்றால் கூடுதல் சிக்கல். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் சுமார் 56 ஹெர்ட்ஸ் என்ற கீழ்ஸ்தாயி ஒலியையும் அதன் மடங்குகளையும் வீங்க வைக்கும். சதுர அறையில் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே சுருதியில் வீங்கும். ஸ்பீக்கரை மூலையில் தள்ளினால் கேட்கவே வேண்டாம், தொப்பியில் கும்கி (கையால் அழுத்தித் தேய்த்து எழுப்பும் ஒலி) இழையும் நெளிவெல்லாம் போய் ஒரே 'பூம்'தான். சுவரிலிருந்து ஓரிரண்டு அடி முன்னால் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். பின்சுவரில் சாய்ந்துகொண்டு கேட்பதையும் தவிருங்கள்.

அறைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், கச்சேரி நடந்த அரங்கின் எதிரொலி ஏற்கெனவே பதிவுக்குள் இருக்கிறது. அதன்மேல் உங்கள் அறையின் எதிரொலியும் ஏறுகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற ஸ்பீக்கர் நிறுவனம், ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவின் கலைஞர்களை மேடையில் வாசிக்க வைத்து, நடுநடுவே அவர்களுடைய பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டது. எங்கே மாறியது என்று பலருக்குப் பிடிபடவில்லை. எதிரொலி சேராமல் எடுத்த பதிவு என்பதால், கேட்பவர் காதில் விழுந்த எதிரொலி அந்த அரங்கினுடையது மட்டும்தான். நமக்கு அப்படிப்பட்ட பதிவுகள் கிடைக்காது, நம் அறையின் பங்கையாவது குறைக்கலாம்.

பழைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான். அவற்றை இரண்டு ஸ்பீக்கரில் கேட்காமல் ஒன்றை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். இரண்டிலிருந்தும் வரும்போது ஒவ்வொரு காதுக்கும் ஒரே ஒலி சிறு இடைவெளியில் இரண்டு தடவை போய்ச் சேர்கிறது, 2000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. வயலின் வில் தந்தியில் உரசும் அந்தக் கடி அங்கேதான் நிறைய இருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் வயலின் சட்டென்று ஓரிடத்தில் வந்து நிற்கும்.

ஸ்டீரியோ என்றால் இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமாக, ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். தரையில் உட்கார்ந்து கேட்பவராக இருந்தால் ஸ்பீக்கரையும் இறக்குங்கள், வித்வான்களும் உட்கார்ந்துதானே வாசிக்கிறார்கள்! வலது கைக்காரர் மிருதங்கம் வாசித்தால் பார்வையாளருக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின் என்பதுதான் வழக்கமான மேடை. உங்கள் வீட்டில் எப்போதும் தலைகீழாகவே கேட்டால் இடது வலது வயர்களை மாற்றியிருக்க வாய்ப்புண்டு. (பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி இடது கைக்காரர் என்றால் கணக்கு வேறு.) சிவப்பு கறுப்பு வயர் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால் இன்னும் மோசம், தொப்பி மெலிந்துபோய், பாடுபவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பல வீடுகளில் இப்படி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நாதஸ்வரமும் தவிலும் தனி. திறந்தவெளிக்கான வாத்தியங்கள் அவை, அவற்றின் நிஜ அளவில் வீட்டில் ஒலிக்க வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். ஹாலில் போட்டுவிட்டுத் திண்ணையிலோ அடுத்த அறையிலோ உட்கார்ந்து கேளுங்கள். தூரத்துக் கோயிலிலிருந்து வருவதுபோல் அது நன்றாகவே நம்ப வைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் தொப்பி கேட்கவில்லையா? அப்போது பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், கீழ்ஸ்தாயிக்கு ஆறரை அங்குல வூஃபராவது இருக்கட்டும். கடைக்குப் போகும்போது நன்றாகப் பழகிய ஒரு தனி ஆவர்த்தனத்தை (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அவர்கள் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் பிரமாதமாகத்தான் இருக்கும்.