போர்ப் பகுதியில் ஆய்வு: நெறிமுறைக் குழு அனுமதி தந்துவிட்டால் போதுமா?

ஆய்வால் யாருக்கும் தீங்கு வராமல் பார்க்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்துவிட்டது, போர்ப் பகுதிக்குப் போகுமுன் வேறென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கவனிக்க வேண்டியது அந்தக் குழு கொடுத்த ஒப்புதல் படிவத்தைத்தான்.

பேட்டி தருபவரிடம் பெயர், தேதி, கையெழுத்து வாங்கி வைப்பது பல்கலைக்கழகத்துக்குத்தான் பாதுகாப்பு. அந்தத் தாள்களோடு உங்களை ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினால், யார் யார் உங்களிடம் வாய் திறந்தார்கள் என்ற பட்டியலை நீங்களே கட்டி எடுத்துவந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். வாய்மொழி ஒப்புதல் போதும் என்று குழுவிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், பல குழுக்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும். குறிப்பேட்டில் குறியீடு மட்டும் இருக்கட்டும். எந்தக் குறியீடு யார் என்ற பட்டியல் உங்களோடு பயணம் செய்யவே கூடாது. போனில் இருக்கும் தொடர்பு எண்களும் அப்படித்தான், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, 'உங்கள் பெயர் வெளியே வராது' என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் வாக்கு. பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் பேட்டிகள் எடுத்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை பதிவு வெளியே போகாது என்று சொல்லித்தான் பேச வைத்தார்கள். 2011-இல் பிரிட்டன் தரப்பின் கோரிக்கையை ஏற்று அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளைக் கேட்டுக் கல்லூரிக்குச் சம்மன் அனுப்பியது, வழக்காடியும் சில பதிவுகள் போலீஸ் கைக்குப் போயின. இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ரகசியம் என்ற நிபந்தனை திட்ட இயக்குநரின் ஒப்பந்தத்தில் இருந்தது, பேட்டி தந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில் இல்லை. நீதிமன்றம் கேட்டால் பதிவைக் கொடுக்காமல் தடுப்பது என் கையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுப் பாதிப் பேர் பேச மறுத்தால் மறுக்கட்டும்.

எண்ணிக்கை சார்ந்த ஆய்வு என்றால் தலைவலி வேறு மாதிரி. 2003 படையெடுப்பிலிருந்து 2006 நடுப்பகுதிவரை இராக்கில் வன்முறையால் இறந்தவர்கள் ஏறத்தாழ 6 லட்சம் என்றது லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. அதே காலத்துக்கு இராக் குடும்ப நல ஆய்வு சொன்னது சுமார் 1,51,000. இந்த இரண்டாவது ஆய்வுக்குழுவால் பாக்தாத், அன்பார் மாகாணங்களில் சில இடங்களுக்குப் போகவே முடியவில்லை, அந்த இடங்களைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்பினார்கள். மோசமான இடம்தான் எப்போதும் போக முடியாத இடமாகவும் இருக்கும், அதனால் போகாத ஊர்களின் பட்டியலையும் காரணத்தையும் அறிக்கையில் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம் உள்ளூர் உதவியாளர், மொழிபெயர்ப்பாளர். உங்களுக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது, அவருக்கு அதே தெருதான். எந்த ஊருக்குப் போகலாம், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதில் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் எதற்கு என்று நோண்டாதீர்கள். காப்பீடு உங்களுக்கு மட்டும் எடுத்திருந்தால் அவருக்கும் எடுங்கள். கட்டுரையில் அவர் பெயரைப் போடுவது நன்றிக்கடன் என்று நீங்களே முடிவு செய்யாமல் அவரிடம் கேளுங்கள், அச்சுக்குப் போகுமுன் இன்னொரு முறையும் கேளுங்கள், ஏனென்றால் இடையில் அங்கே நிலைமை மாறியிருக்கலாம்.