ஆஸ்கர் ஸ்பெக் போன கடல்வழியில் துடுப்பும் மைக்கும்: கேளுங்கள், சொல்கிறேன்

1932-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் ஒரு மடக்குக் கயாக்கை (மடித்து எடுத்துப் போகக்கூடிய, ஒடுங்கிய துடுப்புப் படகு) இறக்கியவர் ஆஸ்கர் ஸ்பெக். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் கரையேறினார். ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர். அந்த வழியில் ஒரு துண்டையாவது திரும்பப் போய் வானொலி விவரணம் செய்யவேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். நான் கடல் கயாக் ஓட்டுகிறவன், ஒலிப்பதிவு என் பிழைப்பு. இரண்டிலும் போதுமான அளவு தவறு செய்தாகிவிட்டது, அதனால் துணிந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்குக் கயாக்கில் போகவேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது?

தோன்றவே இல்லை, அதுதான் விஷயம். ஹாம்பர்க்கில் மின்வேலை பார்த்துக்கொண்டிருந்த 25 வயதுக்காரர், பொருளாதார வீழ்ச்சியில் வேலை போயிற்று. சைப்ரஸில் செம்புச் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று கிளம்பினார். டான்யூப், அப்புறம் வர்தார் ஆறு, கிரேக்கக் கடல், துருக்கிக் கரை என்று சைப்ரஸ் வந்து சேர்ந்தபோது சுரங்கத்தைவிடப் படகு பிடித்துப்போய்விட்டது. அங்கிருந்து சிரியா, யூப்ரடீஸ் ஆறு, பாரசீக வளைகுடா, இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, சென்னை, கல்கத்தா, பர்மா, சிங்கப்பூர், ஜாவா, நியூ கினி என்று நீண்டுகொண்டே போனது. விவரணம் எழுதும்போது முதல் வரியிலேயே 'ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். வேலை தேடிப் போனவன் வழிதவறிப்போன கதை இது. கேட்பவருக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவேண்டும்.

கேள்வி: அண்ணா, முழு வழியையும் போகமுடியுமா? இரண்டு வருடம் ஒதுக்கலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, அவருக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நோய், மழைக்காலம், பணத்துக்காகக் காத்திருந்தது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரி 18, 19 கிலோமீட்டர்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் கயாக் வீராங்கனை சாண்டி ராப்சன் 2011-இல் உல்மில் தொடங்கி 2016-இல் சைபாயில் முடித்தார், அதுவும் கட்டம் கட்டமாக, இன்றைக்குப் படகில் போகமுடியாத நாடுகளை விட்டுவிட்டு. அதை அவர் செய்துவிட்டார், நீங்கள் திரும்பச் செய்தாலும் வானொலிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரு மணிநேர நிகழ்ச்சிக்கு 200 கிலோமீட்டர் தாராளம். ஒரு துண்டை எடுத்து, அங்கே இருக்கும் ஆட்களோடு உட்கார்ந்து பேச நேரம் வையுங்கள். ஓட்டுவது மூன்றில் ஒரு பங்கு நாள், மீதி கரையில்.

கேள்வி: இலங்கையிலிருந்து வடக்கே போன பகுதியை எடுத்துக்கொள்ளலாமா? எந்த மாதம்?

எடுக்கலாம், ஆனால் பாக் நீரிணையை நினைத்தபடி கடக்கமுடியாது. நடுவில் இந்திய-இலங்கைக் கடல் எல்லை, இரண்டு நாட்டு அனுமதியும் எழுத்தில் கையில் இல்லாமல் போனால் இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். எல்லையைத் தொடாமல் கோடியக்கரைக்கு வடக்கே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். அப்போதும் கடலோரக் காவல் பிரிவுக்கு முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

மாதம் என்றால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் ஆரம்பம் வரை. வாடை அடங்கி, நீரோட்டம் (மீனவர் வாயில் நீவாடு) வடக்கே திரும்பியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றும் ஓட்டமும் எதிர்முகம், புயலும் அந்த மாதங்களில்தான். ஆனால் நீங்கள் பயப்படவேண்டியது நடுக்கடலுக்கு அல்ல, கரைக்கு. இந்தக் கரையில் அலை உடையும் இடத்தில்தான் படகு புரளும். அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகச் சுவர் கட்டும்முன் கப்பலில் வந்தவர்களை மசூலாப் படகில்தான் கரைசேர்த்தார்கள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். ஸ்பெக்கின் மடக்குக் கயாக்கும் மரச்சட்டமும் ரப்பர் பூசிய கித்தானும்தான், அதுவும் வளைந்து கொடுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பேசலாம், எனக்குத் தெரிந்து யாரும் பேசவில்லை.

கேள்வி: அதே மாதிரிப் பழைய மடக்குக் கயாக்கில் போனால்தானே உண்மையாக இருக்கும்?

ஒலிக்கு ஆம், உயிருக்கு இல்லை. பிளாஸ்டிக் கயாக்கில் அலை அடித்தால் காலி டிரம்மைத் தட்டியதுபோல் கேட்கும். கித்தான் படகில் சப்பென்று ஈரமான அறை, கூடவே மரச்சட்டம் முனகும். ஆனால் பழைய படகில் உள்ளே நீர்தடுப்பு அறைகள் கிடையாது, கவிழ்ந்தால் குளியல் தொட்டிதான். பயணத்தை இன்றைய கடல் கயாக்கில் போங்கள். யாரிடமாவது மரச்சட்டப் படகு இருந்தால் அரைநாள் கடன் வாங்கி, அலையில்லாத கழிமுகத்தில் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்ததை நிகழ்ச்சியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடவேண்டும், மறைக்கக்கூடாது. ஸ்பெக்கே ஒரே படகில் போகவில்லை, பல படகு மாற்றினார், ஜெர்மனியிலிருந்து புதிது வரும்வரை காத்திருந்தார்.

கேள்வி: கடலில் பதிவு செய்ததெல்லாம் காற்று இரைச்சல் மட்டும்தான். என்ன செய்வது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லவேண்டும். மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், கை துடுப்புக்கு வேண்டும். சட்டைக் காலர் மைக்கை உயிர்காப்புச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சுக்குழிக்கு மேலே, காற்றைத் தடுக்கும் ரோம உறை போட்டு ஒட்டிவிடுங்கள். வெளியே தெரியவேண்டாம், காற்றும் படாது, குரலும் மூச்சும் வரும். துணி உரசல் வரும், அதனால் ஒயரில் ஒரு சின்ன வளையம் விட்டு டேப் ஒட்டுங்கள். ரெக்கார்டர் நீர்புகாப் பையில், மடியில். 32 பிட் ஃப்ளோட் முறையில் (மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒன்றாகப் பிடிக்கும்) பதிவு செய்யும் கருவி கிடைத்தால் நல்லது, அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு அலை முகத்தில் அறையும், சாதாரணக் கருவியில் அந்த இடம் கிழிந்துவிடும்.

இன்னொன்று, எதிர்காற்றில் ஓட்டும்போது பேசாதீர்கள். படகைத் திருப்பி முதுகில் காற்று வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். கரையேறியதும், பையைப் பிரிக்கும்முன், அந்த இடத்தின் வெறும் ஒலியை இரண்டு நிமிடம் எடுங்கள். யாரும் பேசாமல். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதுதான் உதவும், அதை எடுக்காமல் வந்து நான் ஒருமுறை ஒரு முழு நாள் பேட்டியைத் தூக்கிப்போட்டேன். ரோம உறையில் உப்பு காய்ந்தால் மணல்போல் சரசரக்கும், தினமும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: பேசும்போது மூச்சு வாங்குகிறது சார், ஸ்டூடியோவில் திரும்பப் பேசிவிடலாமா?

வேண்டாம். அந்த மூச்சுக்காகத்தானே போனீர்கள்?

கேள்வி: அவர் படகில் ஸ்வஸ்திகா கொடி இருந்ததாமே. அதை எப்படிச் சொல்வது? விட்டுவிட்டால் என்ன?

விடக்கூடாது. அவர் கிளம்பியபோது ஹிட்லர் ஆட்சியில் இல்லை, 1933 ஜனவரியில்தான் வந்தார். பிறகு அந்தக் கொடி அவர் படகின் முனையில் ஏறியது, சைபாயில் இறங்கும்போதும் இருந்தது. அவரை நாஜி என்று முத்திரை குத்தவும் வேண்டாம், 'அப்பாவி, ஒன்றும் அறியாதவர்' என்று துடைக்கவும் வேண்டாம். நான் செய்தால் இதை நடுவில் புதைக்கமாட்டேன், முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு துறையிலும் அந்தக் கொடியைக் கரையிலிருந்து பார்த்தவர் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று கேட்பவரே நினைத்துக்கொள்வார். பின்னணி இசை போட்டு உருக்காதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: லாக்கோர் தீவில் அவரை அடித்த சம்பவத்தை நாடகமாகச் செய்யலாமா?

கிழக்கிந்தியத் தீவுகளில் ஒன்று லாக்கோர். இரவில் ஊர்க்காரர்கள் அவரைக் கட்டிப்போட்டு அடித்தார்கள், ஒரு காதின் செவிப்பறை கிழிந்தது, எப்படியோ கட்டை அவிழ்த்துத் தப்பினார். ஆனால் இது முழுக்க அவர் சொன்ன கதை. நாலு பேர் கத்துகிற சத்தம் போட்டு நாடகம் ஆக்கினால் அந்தத் தீவு மக்கள் என்றென்றைக்கும் காட்டுமிராண்டிகளாகவே காதில் நிற்பார்கள். ஒரு குரல் அவர் கூற்றை நிதானமாகச் சொல்லட்டும், முடிந்தால் இன்று அந்தப் பக்கத்தில் வாழும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என்ன சொல்கிறார் என்று பதிவு செய்யுங்கள். ஸ்பெக்கின் புகைப்படம், படச்சுருள், கடிதம் எல்லாம் சிட்னியில் ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எதையும் ஒலிபரப்பும்முன் உரிமை பற்றி எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: தனியாகப் போகலாமா?

கூடாது. மைக்கைக் கவனிக்கிறவன் அலையைக் கவனிக்கமாட்டான்.

கேள்வி: நியூ கினியிலிருந்து சைபாய் நாலு கிலோமீட்டர்தானாமே, கடைசிக் காட்சியை அங்கேயே ஓட்டிப் பதிவு செய்யலாமா?

தூரம் அவ்வளவுதான், ஆனால் அது பாப்புவா நியூ கினி, ஆஸ்திரேலியா என்ற இரண்டு நாட்டுக்கு நடுவே. எதிர்க்கரைக் கிராமத்தினருக்கும் தீவினருக்கும் அந்த இரண்டு நாடும் செய்துகொண்ட டோரஸ் நீரிணை உடன்படிக்கைப்படி வழக்கமான போக்குவரத்துக்குச் சலுகை உண்டு, நமக்குக் கிடையாது. விசா, முன் அனுமதி, தீவு மக்களின் சம்மதம் மூன்றும் வேண்டும். சதுப்பில் உப்புநீர் முதலை வேறு. அருங்காட்சியகத்தில் அவர் படங்களின் முன்னால் நின்று பேசி முடித்தாலும் குறை ஒன்றும் இல்லை.

காட்சியே போதுமான அளவு வலுவானது. மூன்று போலீஸ்காரர்கள் கரையில் நின்று, இந்தப் படகிலா ஜெர்மனியிலிருந்து வந்தாய் என்று பாராட்டிவிட்டு, போர் தொடங்கிவிட்டது, நீ எதிரி நாட்டுக்காரன், உன்னைச் சிறைவைக்கப்போகிறோம் என்றார்கள். மணலில் படகு இழுபடும் ஒலியோடு துடுப்பு ஒலியை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு போர் முடியும்வரை முகாம், அப்புறம் ஓபல் என்ற ரத்தினக்கல்லை வெட்டும் தொழில். அதைச் சொல்லும் கடைசிப் பத்து நிமிடத்தில் தண்ணீர்ச் சத்தமே வரவேண்டாம்.