கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள்

கேள்வி: மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் ஓர் உள்ளூர் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) கிளப்பின் கமிட்டியில் இருக்கிறேன். மகன் ஜூனியரில் ஆடப் போனான், என்னையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். சீனியர் அணியின் பின்வரிசை காலியாகக் கிடக்கிறது. யார் கண்ணிலும் படாத 18, 19 வயது டிஃபெண்டர்களைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் வீடியோக்களை அனுப்பி, ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கேட்கிறார். நம்பலாமா? நாங்களே தேடினால் எதைப் பார்ப்பது?

பதில்: கமிஷன் கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீடியோக்களைப் பார்க்காமலே சொல்கிறேன்: பையன் எழும்பிப் பந்தைப் பிடிப்பான், நீளமாக உதைப்பான், பின்னால் பாட்டு ஓடும். ஆனால் டிஃபெண்டரின் கையில் பந்து இருப்பது ஆட்டத்தில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் எங்கே நின்றான், யாரை விட்டுவிட்டு யாருக்கு உதவ ஓடினான் என்பதுதான் அவன் வேலை. கேமரா பந்தின் பின்னால் போவதால் அது எதுவும் வீடியோவில் இருக்காது.

நாட்டின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்லில் ஆடும் வீரர்களின் ஏஜென்ட்கள் வீரர்கள் சங்கத்திடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். உங்களிடம் வந்தவருக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள், பேச்சை மாற்றுகிறாரா பாருங்கள். அங்கீகாரம் இருந்தாலும் உள்ளூர் கிளப்புக்கு இடையில் ஓர் ஆள் எதற்கு? இந்த வகை ஆட்களுக்குப் பையன் ஓர் இடத்தில் நிலைப்பதால் லாபமில்லை. அடுத்த சீசனில் அவனை வேறு கிளப்புக்கு நகர்த்தினால்தான் மறுபடியும் காசு. பெற்றோரிடமும் தனியாக வாங்கியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். வாங்கியிருந்தால் அந்தப் பெற்றோரிடம் உங்கள் கிளப்பின் பெயரை என்னவென்று சொல்லி வைத்திருக்கிறாரோ!

சரி, நீங்களே எப்படித் தேடுவது? ரிசர்வ்ஸ் (கிளப்களின் இரண்டாம் அணி), 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களுக்குப் போங்கள். தோற்கும் அணியாகப் பார்த்துப் போங்கள், அங்கேதான் பின்வரிசைக்கு நாள் முழுக்க வேலை. பக்கவாட்டில் நிற்காமல் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஒரு கால்பகுதி முழுக்கப் பந்தைப் பார்க்காமல் ஒரே பையனைப் பாருங்கள். பந்து தூரத்தில் இருக்கும்போதே தன் இடத்தைச் சரிசெய்கிறானா? பிடிக்க முடியாத பந்தைக் குத்தி வெளியே தள்ளுகிறானா, வீம்புக்குப் பிடிக்கப் போய்க் கோட்டை விடுகிறானா? கூட ஆடுபவர்களிடம் கத்திப் பேசுகிறானா? தன் ஆள் கோல் போட்ட பிறகு அடுத்த ஐந்து நிமிடம் எப்படி ஆடுகிறான்? எனக்கு இந்தக் கடைசிக் கேள்வி போதும்.

எத்தனை முறை பந்தை உதைத்தான் என்று காட்டும் எண்களிடம் ஜாக்கிரதை. எதிரணி கோலைத் தவறவிட்டு ஒரு புள்ளி மட்டும் எடுத்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் பந்தை உள்ளே உதைப்பார். 2019இலிருந்து அவர் முதலில் தனக்குத்தானே உதைத்துக்கொள்ளாமலே கோல் சதுரத்தை விட்டு நேராக வெளியே ஓடலாம். அப்படி ஓடி உதைத்தால் அதுவும் அவர் கணக்கில் ஏறும். அந்த வேலை யாரிடம் இருக்கிறதோ அவன் எண்ணிக்கை சும்மாவே வீங்கும்.

உயரமான ஃபார்வர்டு சரிவரவில்லை என்றால் பின்னால் தள்ளிவிடுவது கிளப்களின் பழக்கம். அப்படிப்பட்டவனை வாங்காதீர்கள். இதற்கு விதிவிலக்கு உண்டு, உங்கள் பயிற்சியாளர் அதைத்தான் எடுத்துப் போடுவார் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஏஎஃப்எல் அணியான ஹாதர்னின் ஜேம்ஸ் சிசிலி ஃபார்வர்டாகத் தொடங்கிப் பின்வரிசைக்கு வந்தவர். வெஸ்ட் கோஸ்ட்டின் ஜெரமி மெகவர்னும் ஆரம்பத்தில் முன்னால் ஆடியவர்தான். ஆனால் பந்து காற்றில் வரும்போதே எங்கே விழும் என்று படிக்கிற திறமை இருவருக்கும் முன்பே இருந்தது. ஃபார்வர்டாக ஆடும்போது பையன் பந்து விழும் இடத்துக்கு எதிராளிக்கு முன்னால் போய்ச் சேர்கிறான், ஆனால் கோல் அடிப்பதில் சொதப்புகிறான் என்றால் அவனைப் பின்னால் போட்டுப் பார்க்கலாம். இடத்துக்கே தாமதமாக வருகிறவன் பின்னாலும் தாமதமாகத்தான் வருவான். பந்து இல்லாமல் ஓடப் பிடிக்காதவனும் தேறமாட்டான். இரண்டு ரிசர்வ்ஸ் ஆட்டம் பாருங்கள், மூன்றாவது தேவைப்படாது.

கண்ணில் படாதவன் என்றால் திறமை குறைந்தவன் என்று நினைக்க வேண்டாம். கீலாங்கின் டாம் ஸ்டூவர்ட் சவுத் பார்வன் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடியவர், ஏஎஃப்எல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2016இல் 40ஆவதாக எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. செயின்ட் கில்டாவின் காலம் வில்கி நார்த் அடிலெய்டில் ஆடிக்கொண்டிருந்த கணக்காளர். பதினெட்டு வயதில் இருவரையும் எல்லாரும் தாண்டிப் போனார்கள். தேர்வு முகாமில் 20 மீட்டர் ஓடச் சொல்கிறார்கள், குதிக்கச் சொல்கிறார்கள், 2 கிலோமீட்டர் ஓடச் சொல்கிறார்கள். நின்ற இடத்தில் யோசிக்கத் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்? பதினாறு வயதில் சீக்கிரம் வளர்ந்தவனை எடுத்துக்கொண்டு மற்றவனை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பெயர் 'பாத்வே'! அந்த ஏற்பாடு தவறவிட்டவர்கள்தான் உங்கள் கையிருப்பு.

உங்கள் விக்டோரியா மாநிலத்தின் உள்ளூர் லீக்குகளில் ஒவ்வொரு வீரருக்கும் புள்ளி உண்டு (ஆட்டத்தில் எடுக்கும் புள்ளி அல்ல, கிளப்கள் ஆளெடுப்பதைக் கட்டுப்படுத்த வைத்திருப்பது), அணிக்கு மொத்த வரம்பும் உண்டு. நீங்களே வளர்த்த பையனுக்கு 1 புள்ளிதான். அதனால் வெளியே கிளம்புவதற்கு முன், உங்கள் ஜூனியரில் ஆடிவிட்டு ஆட்டத்தை விட்டுப் போனவர்களின் பெயர்களை எழுதி வரிசையாக போன் போடுங்கள். வெளியாள் என்றால், அவருக்கு எத்தனை புள்ளி என்று ஏஜென்டைக் கேட்காமல் லீக் அலுவலகத்தையே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். அது வந்த பிறகு பணம் பேசினால் போதும்.