ஆறாயிரம் வருடத் திராட்சை – கடிதம்

வணக்கம் ஐயா,

ஆர்மேனியப் பயணம் பற்றி நீங்கள் எழுதிய மூன்று கட்டுரைகளையும் படித்தேன். எங்கள் ஊர் கம்பம் பக்கம் சுருளிப்பட்டி. இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து இதுதான் தொழில். அதனால் மடாலயங்கள் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டு, திராட்சை வரும் இடங்களை மட்டும் இரண்டு தடவை படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மழையே இல்லாத மலைநாடு என்கிறீர்கள். அங்கே எப்படித் திராட்சை? எங்களுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பத்து நாள் தள்ளிப்போனாலே அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். அப்புறம், குளிர்காலத்தில் கொடியை மண்ணுக்குள் புதைக்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அப்பாவிடம் சொன்னேன். “உங்க எழுத்தாளர் கதை விடுறாரு” என்றார். இன்னொன்று, அங்கே 6,000 வருடமாக ஒயின் செய்கிறார்கள் என்பது. இங்கே ஊருக்கு ஊர் ‘எங்கள் கோயில் இரண்டாயிரம் வருடப் பழசு’ என்று சொல்வார்களே, அந்த மாதிரிப் பெருமைப் பேச்சுதானே அதுவும்? நீங்களும் அப்படியே எழுதிவிட்டீர்களே.

கடைசியாக, வரும்போது ஒரு குச்சியாவது கொண்டுவந்தீர்களா?

ச., சுருளிப்பட்டி

அன்புள்ள ச.,

கோபமெல்லாம் இல்லை. அந்த மடாலயப் பக்கங்களை என் மனைவியும் தள்ளிவிட்டுத்தான் படித்தாள்.

உங்கள் அப்பாவின் சந்தேகத்தை முதலில் தீர்க்கிறேன். கதை இல்லை, கண்ணால் பார்த்தது. தலைநகர் யெரெவானிலிருந்து தெற்கே போகும் சாலையில் இடதும் வலதும் அராரத் சமவெளி. சமவெளி என்று பெயர்தானே தவிர, கடல்மட்டத்திலிருந்து 800, 900 மீட்டர் உயரம். கோடையில் 40 டிகிரி தொடும். குளிர்காலத்தில் அதே இடம் பூஜ்யத்துக்குக் கீழே 20, சில வருடங்களில் அதற்கும் கீழே போய்விடும். இலை உதிர்த்துத் தூங்கும் திராட்சைக்கொடி பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை எப்படியோ சமாளிக்கும். அதற்கும் கீழே போனால் மொட்டு கருகும், தண்டு வெடிக்கும். மண்ணுக்குள் ஓரடி போனால் அவ்வளவு குளிர் இல்லை. அதனால் புதைக்கிறார்கள்.

நான் போனது நவம்பர் முதல் வாரம். சாலையோரத் தோட்டம் ஒன்றில் வயதான கணவனும் மனைவியும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் கவாத்து அடித்து முடித்த கொடியைக் கம்பியிலிருந்து அவிழ்த்தார். அடித்தண்டில் காலை வைத்து, மெதுவாக, மாட்டைப் படுக்க வைப்பதுபோல அமுக்கினார். கொடி முனகியது என்றே சொல்லலாம், அப்படி ஒரு சத்தம். அது தரையில் படிந்ததும் அந்த அம்மா மண்வெட்டியால் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்து மூடினார். ஒரு கொடிக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். முடிந்துபோன வரிசைகள் மஞ்சள் வயலில் பார் அணைத்த மாதிரி இருந்தன. ஒரு இலை வெளியே தெரியவில்லை.

உங்கள் அப்பா அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். ஒடியாதா? ஒடியும், நம் பந்தல்கொடிபோல ஒரே தண்டாக நேரே மேலே ஏற்றியிருந்தால். அங்கே கன்றிலிருந்தே சாய்த்து வளர்க்கிறார்கள், விசிறிபோல அடியிலிருந்து நாலைந்து தண்டு விட்டு. வருடாவருடம் படுத்து எழுந்து பழகிய கொடி அது. மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் தோண்டி எடுத்து மறுபடி கம்பியில் கட்டவேண்டும். முந்தித் திறந்தால் பின்பனி கொன்றுவிடும். பிந்தினால் மண்ணுக்குள்ளேயே முளை விட்டு, வெளியே எடுக்கும்போது உதிர்ந்துபோகும். அந்தப் பத்து நாளைக் கணிப்பதுதான் விவசாயம் என்றார் அந்தப் பெரியவர். கார் ஓட்டி வந்த பையன்தான் மொழிபெயர்த்தான்.

சரி, தண்ணீர். ‘மழையே இல்லாத’ என்று நான் எழுதியது கொஞ்சம் மிகை. அராரத் சமவெளியில் வருடத்துக்கு 200 முதல் 300 மில்லிமீட்டர் பெய்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் கொட்டியது அந்த அளவு. திராட்சை அதை நம்பி இல்லை. மலைமேல் விழும் பனி இருக்கிறதே, அதுதான் அவர்களுக்கு அணை. வசந்தத்தில் உருகி ஆற்றில் வரும், ஆற்றிலிருந்து வாய்க்கால். வாய்க்கால் வெட்டுவது அந்த மலைநாட்டை ஆண்ட உரார்த்து என்ற பழைய அரசின் காலத்திலேயே, அதாவது 2,700, 2,800 வருடத்துக்கு முன்பே நடந்த வேலை. முல்லைப் பெரியாறு 1895இல் வந்தது. அதற்கு முன் உங்கள் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று தாத்தாவின் தாத்தாவிடம் கேட்டிருந்தால், ஆர்மேனியா அவ்வளவு அந்நியமாகத் தோன்றியிருக்காது.

வறட்சி அவர்களுக்கு ஒரு கையைக் கொடுக்கவும் செய்கிறது. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பன்னீர் திராட்சை வெடித்துப்போகும், அடிச்சாம்பல் நோய் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். ஈரம் இல்லாத காற்றில் அடிச்சாம்பல் தலைதூக்குவது கஷ்டம். சமவெளியை விட்டு தென்கிழக்கே வாயோட்ஸ் ஜோர் மாகாணத்துக்குள் ஏறினால் 1,000 மீட்டரிலிருந்து 1,600 மீட்டர்வரை தோட்டங்கள். பகலில் சுட்டெரிக்கும், ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். பகல் வெயிலில் சர்க்கரை ஏறும், ராத்திரிக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கும். தின்கிற பழத்துக்கு இது பெரிய விஷயமில்லை. ஒயினுக்கு எல்லாமே இதுதான். அங்கே விளையும் அரேனி என்ற கறுப்புத் திராட்சைக்குத் தோல் தடிப்பு. வாயில் போட்டால் முதலில் பல்லில் படுவது தோல்தான். பன்னீர் தின்று வளர்ந்த நாக்குக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும்.

இன்னொரு விஷயம், கட்டுரையில் விட்டுப்போனது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அன்றிலிருந்து உலகின் பெரும்பாலான ஒயின் திராட்சை அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் வளர்கிறது. வாயோட்ஸ் ஜோரில் பெரும்பாலான கொடிகள் இன்னும் சொந்த வேரில் நிற்கின்றன. குச்சியை ஒடித்து நட்டால் போதும்.

இப்போது 6,000 வருடம். இதில் நீங்கள் பிடித்த பிடி சரி. நான் எழுதிய வாக்கியம் தப்பு.

அரேனி கிராமத்துக்குப் பக்கத்தில், அர்ப்பா ஆற்றுக்கு மேலே ஒரு குகை. 2007இல் தோண்ட ஆரம்பித்தார்கள். களிமண் பூசிய ஒரு மேடை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள அகலம், ஒரு பக்கம் சரிவு. சரிவின் கீழே தரையில் புதைத்த ஒரு தாழி, 50 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சுற்றிலும் திராட்சை விதை, பிழிந்த சக்கை, காய்ந்த கொடி. மேடையில் பழத்தைப் போட்டுக் காலால் மிதித்திருக்கிறார்கள், சாறு வழிந்து தாழிக்குள் போயிருக்கிறது. பானை ஓடுகளில் சிவப்பு ஒயினுக்கு நிறம் தரும் பொருளின் தடயமும் கிடைத்தது. காலம் கி.மு. 4100 வாக்கில். 2011 ஜனவரியில் முடிவுகள் வெளியானபோது உலகின் மிகப் பழைய ஒயின் ஆலை என்று செய்தி வந்தது. இதே குகையில்தான் 2008இல் ஒரு தோல் செருப்பு கிடைத்தது, ஐயாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தையது. வலது காலுக்கு உரியது மட்டும். ஆட்டுப்புழுக்கை மூடிக் காப்பாற்றியிருந்தது. விதையும் சக்கையும் செருப்பும் மக்காமல் கிடந்ததற்குக் காரணம் அந்தக் குகையின் வறட்சி. நம் ஊர் ஈரத்தில் ஆறு மாதம் தாங்கியிருக்காது.

ஆக, தொன்மை பொய்யில்லை. (பக்கத்து நாடான ஜார்ஜியாவில் அதைவிடவும் 2,000 வருடம் பழைய ஒயின் தடயம் பானை ஓட்டில் கிடைத்திருக்கிறது. ‘ஆலை எங்களுடையது, ஒயின் அவர்களுடையது’ என்று யெரெவானில் கடுப்போடு சொல்வார்கள்.) ஆனால் ‘6,000 வருடமாகச் செய்கிறார்கள்’ என்று எழுதியது என் சோம்பல். 6,000 வருடத்துக்கு முன் செய்தார்கள், இன்றைக்குச் செய்கிறார்கள். நடுவில் கயிறு பல இடத்தில் அறுந்திருக்கிறது. கடைசியாக அறுந்தது நேற்றுதான்.

சோவியத் காலத்தில் ஒயின் ஜார்ஜியாவுக்கு, பிராந்தி ஆர்மேனியாவுக்கு என்று மாஸ்கோ பிரித்துக் கொடுத்தது. பிராந்திக்கு எடைதான் முக்கியம். எந்தத் திராட்சையானாலும் காய்ச்சி வடித்துவிடலாம். அரேனியின் தடித்த தோலை யார் கேட்பார்கள்? அப்புறம் 1985இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது நாடெங்கும் தோட்டங்களையே பிடுங்கினார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. கூட்டுப்பண்ணை நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. மிச்சமிருந்த கொடியை வெட்டிவிட்டு வேறு பயிர் வைத்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் இன்று கடையில் பார்க்கும் நல்ல ஆர்மேனிய ஒயின் எல்லாம் இந்த நூற்றாண்டில் வந்தவை. பெரும்பாலானவற்றின் வயது இருபதைத் தாண்டாது.

ஒயின் ஊறவைக்கும் களிமண் தாழிக்கு அங்கே கராஸ் என்று பெயர். யெரெவானின் விளிம்பில் கார்மீர் ப்ளூர் என்ற மேட்டைத் தோண்டியபோது உரார்த்து காலக் கிடங்குகளில் நூற்றுக்கணக்கான கராஸ் கிடைத்தன. பலவற்றில் எவ்வளவு பிடிக்கும் என்று குறித்திருந்தார்கள். இப்போது மறுபடி கராஸில் ஊறவைக்க ஆசைப்பட்டவர்களுக்கு அவ்வளவு பெரிய தாழி வனைய ஆள் கிடைக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய், பழைய வீடுகளின் நிலவறையில் கோதுமையும் ஊறுகாயும் போட்டு வைத்திருந்த தாழிகளை விலைக்குக் கேட்டு வாங்கினார்கள். நான் தங்கிய வீட்டில் ஒன்று இருந்தது, என் தோள் உயரம். விற்கவில்லையா என்று கேட்டேன். வீட்டுக்காரர் கதவைக் காட்டிச் சிரித்தார். தாழியை வைத்துவிட்டுத்தான் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். வெளியே எடுக்கவேண்டுமானால் சுவரை இடிக்கவேண்டும்.

அறுபடாமல் வந்தது எது என்று கேட்டால், என் கணக்கில், இந்த வீட்டுச் சமாசாரம்தான். திட்டம் மாஸ்கோவிலிருந்து வந்தாலும் வீட்டுக்குப் பின்னால் நாலு கொடி வைத்து, தங்களுக்கென்று இரண்டு தாழி போட்டுக்கொண்டே இருந்தார்கள். அரேனியில் சாலையோரம் வரிசையாகப் பலகை போட்டு, கோகோகோலா பாட்டிலில் வீட்டு ஒயின் விற்கிறார்கள். அது ஈரான் எல்லைக்குப் போகும் சாலை. பார்த்தால் கோலா மாதிரியே இருக்கும் என்பதால் லாரிக்காரர்கள் விரும்பி வாங்குவதாகச் சொல்வார்கள். நானும் ஒரு மடக்கு குடித்தேன். இனிப்பாக, கொஞ்சம் காடியேறி, நன்றாகவே இல்லை. ஆனால் பக்கத்து ஒயின் ஆலையின் புட்டியைவிட அந்தப் பாட்டிலுக்குத்தான் பழமை அதிகம் என்று நினைக்கிறேன்.

குச்சி கொண்டுவரவில்லை. அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விமானநிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கவும் வேண்டும், ஃபிலாக்ஸெரா ஊர் ஊராகப் போனது இப்படி யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுபோன செடியில்தான். அதுவும் போக, அரேனிக்குத் தூங்கக் குளிர் வேண்டும். சுருளிப்பட்டியில் அதற்கு எங்கே தூக்கம்?

இதைப் பற்றி அந்த நவம்பர் தோட்டத்திலேயே பேச்சு வந்தது. எங்கள் ஊரில் திராட்சை உறங்குவதில்லை, கவாத்து அடித்தால் நாலு மாதத்தில் பழம், வருடத்துக்கு இரண்டு, மூன்று அறுவடை என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பையன் மொழிபெயர்த்ததும் பெரியவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார், நம்பவில்லை. அந்த அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டது வேறு: “பாவம், எத்தனை வருடம் தாங்கும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் அன்று புதைத்த கொடிகளில் சில அந்தப் பெரியவரின் அப்பா நட்டவை. உங்கள் பந்தலில் இருக்கும் ஆக மூத்த கொடிக்கு என்ன வயது? அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பையனின் எண் என்னிடம் இருக்கிறது, சொல்லி அனுப்புகிறேன்.