செக் கம்பெனியுடையது, கேஸ் டைரக்டர் மேல் மட்டும்: இனி கம்பெனியைச் சேர்க்கலாமா?

ரங்கூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் அனுப்பும் உளுந்தைச் சென்னையில் விற்பது அவருடைய அண்ணன். சரக்கு எடுத்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி கொடுத்த 9 லட்ச ரூபாய் செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. கையெழுத்துப் போட்ட டைரக்டருக்கு மட்டும் நோட்டீஸ் விட்டு, அவர் மேல் மட்டும் கேஸ் போட்டு 8 மாதம் ஆகிறதாம். இப்போது எதிர்த்தரப்பு வக்கீல் ‘கம்பெனி எங்கே?’ என்று கேட்கிறார்.

இனி சேர்க்க முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. செக்கின் ஜெராக்ஸை எடுத்துப் பாருங்கள், கையெழுத்துக்கு மேலே கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும், கீழே டைரக்டர் என்று ரப்பர் ஸ்டாம்ப். கணக்கு கம்பெனியுடையது, ஆக செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் முதல் குற்றவாளி கம்பெனிதான். அதன் குற்றத்துக்கு இவரும் பொறுப்பு என்று 141-வது பிரிவு வழியாகத்தான் டைரக்டர் உள்ளே வருகிறார். கம்பெனியை விட்டுவிட்டு அவரை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது என்று அனிதா ஹடா வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2012-லேயே சொல்லிவிட்டது. (நம் ஆட்கள் உளுந்தை உள்ளங்கையில் கொட்டி மணி மணியாகப் பார்ப்பார்கள், செக்கை மட்டும் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்கள்.)

சரி, விட்டதை இப்போது சேர்த்தால் என்ன? செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள், அது கழிந்து ஒரு மாதத்துக்குள் புகார் என்பது கணக்கு. புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், நோட்டீஸ் கெடுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கம்பெனிக்கு நோட்டீஸ் விட வேண்டிய அந்த 30 நாள் எப்போதோ கழிந்துவிட்டது. 2017-ல் ஹரிஹர கிருஷ்ணன் வழக்கிலும் இப்படித்தான், பின்னால் கம்பெனியைச் சேர்த்ததை மெட்ராஸ் ஹைகோர்ட் ஏற்றும் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை.

ஆனாலும் புகார் மனுவை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். எதிரிகள் பட்டியலில் கம்பெனி பெயரும் இருந்து, நோட்டீஸ் மட்டும் டைரக்டர் பெயருக்குப் போயிருந்தால், அது கம்பெனிக்கும் போனதாகவே எடுத்துக்கொண்ட தீர்ப்புகள் உண்டு, அதை வைத்துப் போராடலாம். செக் தேதியிலிருந்து 3 மாதம் தாண்டாமல் இருந்திருந்தால் மறுபடி பேங்கில் போட்டு, திரும்பினதும் இரண்டு பேருக்கும் புது நோட்டீஸ் விட்டிருக்கலாம். அந்த வழி உங்கள் அண்ணனுக்கு அடைபட்டுவிட்டது.

மிச்சம் இருப்பது சிவில் கேஸ். பாக்கி விழுந்து 3 வருஷத்துக்குள் கம்பெனி மேலேயே போட வேண்டும். பில், லாரி ரசீது, செக் திரும்பியதற்கு பேங்க் கொடுத்த மெமோ மூன்றையும் அண்ணனிடம் இந்த வாரமே தேடி எடுக்கச் சொல்லுங்கள்.