வாசகர் கேள்வி – பதில்: கணிப்பில் வெல்லும் திட்டம் வாக்குப்பெட்டியில் ஏன் தோற்கிறது?

பொருளாதாரச் சீர்திருத்தங்கள், பருவநிலைத் திட்டங்கள் ஆகியவை குறித்து நடத்தப்படும் கருத்துக்கணிப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: பெருஞ்செல்வர்கள் மீது கூடுதல் வரி, குறைந்தபட்ச ஊதிய உயர்வு, சூரிய மின்சாரத்துக்கு அரசு முதலீடு என எதைக் கேட்டாலும் பெரும்பான்மையோர் ஆதரிப்பதாகவே கணிப்புகள் சொல்கின்றன. ஆனால் அவற்றைச் சட்டமாக்க முயலும்போது எதிர்ப்பு கிளம்புகிறது. சில நாடுகளில் மக்களே வாக்களித்துத் தோற்கடிக்கிறார்கள். கணிப்புகள் பொய்யா, அல்லது மக்கள் மனம் மாறிவிடுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே இல்லை. கணிப்பாளர் கேட்கும் கேள்வி ஒன்று, வாக்குச்சாவடியில் மக்கள் விடை சொல்லும் கேள்வி வேறொன்று. "புகை கக்கும் நிறுவனங்கள் மீது வரி விதிப்பதை ஆதரிக்கிறீர்களா?" என்று ஒருவரிடம் தொலைபேசியில் கேட்கப்படும்போது, எதிர்த்தரப்பின் வாதம் எதுவும் அவர் காதில் விழுந்திருப்பதில்லை, அவர் சொல்லும் பதிலால் அவருக்குச் செலவும் இல்லை, யோசிக்கக் கிடைப்பதும் சில நொடிகள்தான். ஆகவே அவர் தரும் விடை "இந்த நோக்கம் நல்லதா?" என்ற கேள்விக்கானது. வாக்கெடுப்பு என்று வரும்போதோ பல மாதப் பிரசாரம் நடந்திருக்கும். பெட்ரோல் விலை எவ்வளவு ஏறும், பணம் யார் கைக்குப் போகும், அரசை நம்பலாமா என்ற கேள்விகளெல்லாம் வீட்டு வாசல்வரை வந்திருக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அனுபவம் இதை நன்றாக விளக்குகிறது. அங்கே 2016-இல் கார்பன் வரி, அதாவது கரியமில வாயுவை வெளியேற்றும் எரிபொருள்கள் மீதான வரி, மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வசூலாகும் தொகைக்கு ஈடாக விற்பனை வரியைக் குறைப்பதாக உறுதி அளித்தும் சுமார் 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2018-இல் வேறு வடிவில் மீண்டும் வந்தது: ஒரு டன் கார்பன் வெளியேற்றத்துக்கு 15 டாலர் கட்டணம், அந்தப் பணம் தூய எரிசக்திக்கும் காடுகளுக்கும் பாதிக்கப்படும் சமூகங்களுக்கும் செல்லும் என்று. எண்ணெய் நிறுவனங்கள் இதை எதிர்த்து 3 கோடி டாலருக்கும் மேல் பிரசாரத்தில் கொட்டின. ஏறத்தாழ 57 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களிக்க, அதுவும் தோற்றது. கார்பன் கட்டணத்துக்கு அந்த மாநிலத்தில் இடமே இல்லை என்று அப்போது பலர் முடிவுகட்டினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2021-இல் மாநில சட்டமன்றமே, மாசு வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைத்து அனுமதிகளை ஏலம் விடும் சட்டத்தை நிறைவேற்றியது. அதை ரத்து செய்யக் கோரும் முயற்சி 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பெட்ரோல் விலை உயர்வே எதிர்ப்பாளர்களின் முதன்மை ஆயுதமாக இருந்தது. இருந்தும் சுமார் 62 சதவீதம் பேர் சட்டம் நீடிக்கட்டும் என்றே வாக்களித்தார்கள். அதற்குள் ஏலத்தில் கிடைத்த பணம் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் செலவாகத் தொடங்கியிருந்தது. 18 வயது வரையிலானோருக்கான இலவசப் பேருந்துப் பயணம் அதில் ஒன்று. இரண்டு முறை "வேண்டாம்" என்ற மாநிலம் மூன்றாவது முறை "எடுக்காதே" என்றதை முரண்பாடாக நான் பார்க்கவில்லை. சந்தேகம் வரும்போது மக்கள் இருப்பதைக் கைவிடத் தயங்குகிறார்கள். முதல் இரண்டு முறை அந்தத் தயக்கம் திட்டத்துக்கு எதிராக வேலை செய்தது, மூன்றாவது முறை அதே தயக்கம் திட்டத்தைக் காப்பாற்றியது. "ஆதரிக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கும் கணிப்பில் இந்தத் தயக்கத்தின் அளவு பதிவாவதே இல்லை.

கேள்வி: ஒரே திட்டத்துக்கு ஒரு கணிப்பு 70 சதவீதம் என்கிறது, இன்னொன்று 40-க்கும் குறைவு என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், கேள்வியைச் சேர்த்துப் படித்தால். அமெரிக்காவில் மருத்துவக் கொள்கைகளை ஆராயும் கைசர் அறக்கட்டளை, குடிமக்கள் அனைவருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் திட்டம் பற்றி 2019 ஜனவரியில் வெளியிட்ட கணிப்பை இதற்கு நல்ல பாடமாகச் சொல்வேன். எந்த விளக்கமும் இல்லாமல் கேட்டபோது 56 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். "இது மருத்துவக் காப்பீட்டை அனைவருக்கும் உரிமையாக உறுதி செய்யும்" என்று சொன்னதும் ஆதரவு 71 ஆனது. "பெரும்பாலோர் கூடுதல் வரி கட்ட நேரிடும்" என்று சொன்னபோது அதே ஆதரவு 37-க்கு இறங்கியது. ஒரே கணிப்புக்குள்ளேயே 34 புள்ளி இடைவெளி!

இந்த மூன்றில் உண்மையான எண் எது என்று தேடுவது வீண். மூன்றும் சேர்ந்துதான் மக்களின் மனநிலை. பெரும்பாலோர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதும், எந்த வாதம் முதலில் அவர்களை எட்டுகிறது என்பதைப் பொறுத்து அவர்கள் சாய்வார்கள் என்பதும்தான் அதில் கிடைக்கும் செய்தி. ஆதரவாளர்கள் 71-ஐயும் எதிர்ப்பாளர்கள் 37-ஐயும் தனியே பிய்த்தெடுத்துத் தலைப்பாக்குவது வாசகருக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன். மூன்றையும் ஒருசேர வெளியிட்ட அந்த முறையே மற்றவர்களும் பின்பற்ற வேண்டியது.

கேள்வி: வெறும் ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு ஒரு நாட்டின் கருத்து என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: முடியும், அந்த ஆயிரம் பேர் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால். எவருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்கும்படி எடுத்த ஆயிரம் பேர் கொண்ட மாதிரிக்குப் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலையிலிருந்து கணிப்பு விலகக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ சுமார் 3 புள்ளிகள்தான். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டும் காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓர் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களை வைத்துக்கொண்டு லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பெற்று வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களை அந்த இதழ் பெரிதும் நம்பியிருந்தது, பதில் அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது உட்பிரிவுகளை. "இளைஞர்களில் இத்தனை சதவீதம்" என்று வரும்போது அதற்குள் நூறு பேர்தான் இருக்கக்கூடும். அங்கே பிழை வரம்பு 10 புள்ளியைத் தொட்டுவிடும்.

கேள்வி: முற்போக்குக் கொள்கைகளுக்காகப் பாடுபடும் அமைப்புகளே கணிப்பும் நடத்துகின்றன. அவற்றை ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில்: ஒதுக்க வேண்டியதில்லை. தொழில் நிறுவனங்களின் சங்கங்களும் தமக்கு வேண்டியதைக் கணித்து வெளியிடுகின்றன. இரு தரப்பையும் ஒரே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். கேள்வி முழுமையாக அச்சிடப்பட்டிருக்கிறதா, அதற்கு முன் என்ன கேட்கப்பட்டது, எதிர்வாதமும் அதே நீளத்தில் அதே மரியாதையோடு சொல்லப்பட்டதா, "தெரியாது" என்று சொல்ல இடம் இருந்ததா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் 1970-களின் இறுதியில் "1975-ஆம் ஆண்டுப் பொது விவகாரச் சட்டம்" என்று இல்லாத ஒரு சட்டத்தைப் பற்றிக் கருத்து கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதரவோ எதிர்ப்போ சொன்னார்கள். கேட்கப்பட்டவர்களைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. மரியாதையாகக் கேட்பவருக்கு ஏதேனும் ஒரு பதில் சொல்வது மனித இயல்பு.

எந்தத் தரப்பையும் சாராத கணிப்புகூடத் தவறாகப் படிக்கப்படலாம். 2018 டிசம்பரில் யேல், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகங்கள் நடத்திய கணிப்பில், தூய எரிசக்திக்கும் வேலைவாய்ப்புக்கும் அரசு பெரும் முதலீடு செய்யும் "பசுமைப் புதிய ஒப்பந்தம்" என்ற திட்டத்தைப் பதிவுபெற்ற வாக்காளர்களில் 81 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். குடியரசுக் கட்சியினரில்கூட 64 சதவீதம். ஆனால் கணிப்பில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை, அதை முன்வைத்தவர்கள் எந்தக் கட்சியினர் என்று கேள்வியிலும் இல்லை. நான்கு மாதங்களில் தொலைக்காட்சி விவாதங்கள் அதைக் கட்சிச் சண்டையாக்கிவிட்டன. 2019 ஏப்ரலில் குடியரசுக் கட்சியினரின் ஆதரவு 44-க்கு இறங்கியிருந்தது. முதல் கணிப்பை நடத்தியவர்களே பெயர் பரவாத நிலையையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். செய்தியாகப் பரவும்போது 81 மட்டும் மிஞ்சியது.

கேள்வி: பருவநிலை பற்றிப் பேசினால் என்னைச் சுற்றி யாருக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. கணிப்புகளில் வரும் அந்தப் பெரும்பான்மை எங்கேதான் இருக்கிறது?

பதில்: உங்கள் பக்கத்திலேயே இருக்கக்கூடும், அவர்களும் உங்களைப் போலவே நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம். 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், தங்கள் வருமானத்தில் மாதந்தோறும் 1 சதவீதத்தைப் பருவநிலைக்காகத் தரத் தயார் என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். "உங்கள் நாட்டில் எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்?" என்று அவர்களிடமே கேட்டபோது வந்த சராசரி மதிப்பீடு 43 சதவீதம்தான். அமெரிக்காவில் 2022-இல் வெளியான இன்னோர் ஆய்விலும் இதே கதை: முக்கியப் பருவநிலைக் கொள்கைகளை 66 முதல் 80 சதவீதம் பேர் ஆதரிக்க, மற்றவர்களின் ஆதரவு 37 முதல் 43 வரைதான் இருக்கும் என்று மக்கள் எண்ணியிருந்தார்கள்.

கணிப்புகளின் பெரும் பயன் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். நாம் தனியாக இல்லை என்பதை வேறெந்தக் கருவியும் நமக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. அதே வேளை "தயார்" என்ற சொல்லைப் பணமாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 2018-இல் எடுத்த ஒரு கணிப்பில், மின்கட்டணத்தில் மாதம் 1 டாலர் கூடுதலாகத் தர 57 சதவீதம் பேர் சம்மதித்தார்கள்; அதையே 10 டாலராக்கியதும் 28 சதவீதம்தான் மிஞ்சியது. அக்கறை பரந்திருக்கிறது, ஆனால் ஆழம் குறைவு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: அப்படியானால் எப்படி வடிவமைத்தால் மக்கள் ஏற்பார்கள்?

பதில்: சுவிட்சர்லாந்து ஒரு விடை தருகிறது. எரிபொருளுக்கும் விமானப் பயணச்சீட்டுக்கும் கட்டணம் கூட்டும் சட்டத்தை 2021 ஜூனில் 51.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்கும் (வெளியேறும் வாயுவுக்கு ஈடாக அதே அளவை அகற்றும்) இலக்கை வைத்து, வீடுகளின் பழைய வெப்பமூட்டிகளை மாற்ற மானியம் தந்த சட்டத்தை 2023 ஜூனில் 59.1 சதவீதம் பேர் ஏற்றார்கள். தண்டிக்கும் கட்டணத்தைவிட உதவும் மானியம் எளிதில் வாக்குப் பெறும் என்பது இதன் நேரடிப் பொருள். மானியத்துக்கும் பணம் மக்களிடமிருந்தே வர வேண்டும் என்பதால் இதை முழு விடையாக நான் ஏற்கவில்லை.

கட்டணத்தை வசூலித்து மக்களுக்கே திருப்பித் தருவது நியாயமான வழி. ஆனால் கனடாவின் அனுபவம் எச்சரிக்கிறது. அங்கே எரிபொருள் மீதான கார்பன் கட்டணத்தின் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பியது. முதலில் அது வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்ததால் பலருக்கு அது வந்ததே தெரியவில்லை. பெட்ரோல் நிலையத்தில் விலைப்பலகை நாள்தோறும் கண்ணில் பட்டது, திரும்பி வந்த தொகை படவில்லை. பிறகு அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாக அனுப்பினார்கள். அதற்குள் கட்டணம் கட்சி அரசியலின் நடுவே சிக்கிக்கொண்டது. 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான கட்டணம் நீக்கப்பட்டது. ஆகவே இத்தகைய திட்டம் பற்றிய கணிப்பில் "ஆதரிக்கிறீர்களா?" என்பதற்கு முன்பே, "உங்கள் குடும்பத்துக்கு இதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று தெரியுமா?" என்ற கேள்வி இருக்க வேண்டும், அதற்கு வரும் பதில்களையும் ஆதரவு எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.